முதல் வெள்ளி வரிசை

தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவருக்காக ஒரு மனிதர் தன்னிடம் இருப்பதிலேயே உயர்ந்ததைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் அவரைப் பிடிக்காமலேயே இருக்க முடியுமா? முடியும் என்றால் அந்தச் செயலுக்கு என்ன பெயர் வைப்பது? அன்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை. கடமை என்றால், எந்தக் கடமை, யார் விதித்தது என்ற கேள்வி உடனே வருகிறது. ஜோசஃபின் மிஸ்ஸின் வாழ்க்கை இந்தக் கேள்வியை வைத்துவிட்டுப் போயிற்று. பதிலை வைக்கவில்லை. அவருடைய சுபாவத்துக்கு அதுதான் பொருத்தம்.

அவர் நல்லவர் என்று நிறுவுவதற்காக இதை எழுதவில்லை. அவரிடம் படித்தவர்களில் பலர் அவரை இன்றும் மன்னிக்கவில்லை. அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

ஜோசஃபின் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத் தொழிலாளி. ஆசிரியைப் பயிற்சி முடித்ததும் பெங்களூருக்கு வந்து, ஆஸ்டின் டவுனுக்கும் தொம்மலூருக்கும் நடுவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய புனித ஒடிலியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாகச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொம்மலூரின் பழைய ஊர்ப்பகுதியில், ஒரு வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஊசி, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பதினோராவது கட்டளை’. அது அவருக்குத் தெரியும். ஒரு தரம் கரும்பலகையில் யாரோ அந்தப் பெயரை எழுதி வைத்தபோது அதை அழிக்காமல் அதன் கீழேயே அன்றைய பாடத்தை நடத்தினார்.

1991 டிசம்பரில் காவிரித் தகராறு தெருவுக்கு வந்தது. பள்ளியின் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்துகளின் மேல் தார் பூசப்பட்டது. ‘பஸ்ல தமிழ் பேசாதீங்க மிஸ்’ என்று உடன் வேலை பார்த்த கன்னட ஆசிரியை அக்கறையாகத்தான் சொன்னார். ஜோசஃபின் அதற்குப் பிறகு பஸ்ஸில் எந்த மொழியும் பேசவில்லை. கண்டக்டரிடம் சில்லறையை நீட்டி, இறங்கும் இடத்தை விரலால் காட்டினார். சில வருடங்களில் தமிழ்ப் பிரிவு மூடப்பட்டது. பக்கத்துக் கத்தோலிக்கக் கோவிலில் பூசை எந்த மொழியில் என்று தமிழரும் கன்னடியரும் மாறி மாறிக் கூச்சல் போட்டதால், பள்ளிப் பிள்ளைகளுக்கான பூசை ஆங்கிலத்துக்குப் போனது. யாருக்கும் சொந்தமில்லாத மொழி என்பதால் யாரும் சண்டை போடவில்லை.

பாடம் போன ஆசிரியைக்குக் கன்னியாஸ்திரீகள் இரண்டு வேலைகள் கொடுத்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு மாரல் சயின்ஸ். இரண்டையும் அவர் ஒரே கடுமையோடு நடத்தினார்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. நம்பாததை வாயால் சொல்லக் கூடாது. பள்ளியில் காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் கிறிஸ்தவ செபத்தைச் சேர்ந்து சொல்வது வழக்கம். இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பாட்டுப்போல ராகம் போட்டுச் சொல்வார்கள். அவர்களுடைய பெற்றோர்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பள்ளி நல்ல பள்ளி, செபம் அதன் சீருடை மாதிரி. ஜோசஃபினுக்குத்தான் ஆட்சேபம். ‘நீங்க சும்மா நில்லுங்க, சொல்லாதீங்க’ என்று அவர்களைத் தடுத்தார். தலைமையாசிரியை சிஸ்டர் கூப்பிட்டுக் கேட்டார்.

“வாயால சொன்னாலும் நல்லதுதானே மிஸ்?”

“அப்ப கிளிக்கும் ஞானஸ்நானம் குடுத்துடுங்க சிஸ்டர்.”

இந்தக் கொள்கை பிள்ளைகளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. ‘இது உனக்கானது இல்லை’ என்றுதான் கேட்டிருக்கும். நேர்மையின் பெயரால் செய்யப்படும் அவமானம், மற்ற அவமானங்களைவிட ஆழமாக இறங்கும். ஏனென்றால் அதை எதிர்த்துப் பேச வழியில்லை.

ஒரே ஒருத்தி எதிர்த்தாள். தாரணி. தொம்மலூர் லேஅவுட்டில் குடியிருந்த சிவசங்கரன், மங்களம் தம்பதியின் மகள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒடிலியாவில் படித்தவள். எட்டாம் வகுப்பில் ஒரு காலை, வரிசைக்கு நடுவில் நடந்து வந்த ஜோசஃபின் அவள் முன்னால் நின்றார்.

“வாய் ஏன் அசையுது?”

“ப்ரேயர் மிஸ்.”

“உனக்கு அதுல நம்பிக்கை இருக்கா?”

“தெரியல மிஸ்.”

“தெரியலன்னா சும்மா நில்லு.”

“எல்லாரும் சொல்றாங்களே மிஸ்.”

“எல்லாரும்னு ஒருத்தி இங்க படிக்கல. நீ உன் வாயப் பாரு.”

மறுநாள் தாரணி சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முதல் பீரியட் முழுக்க அவள் வராந்தாவில் நின்றாள். அன்று தொடங்கிய பகை மூன்று வருடம் ஓடியது. மாரல் சயின்ஸ் வகுப்பில் அவள் எழுந்து, “மிஸ், பொய் சொல்றது பாவம்னு நம்பாதவங்க பொய் சொன்னா அது பாவமா?” என்று கேட்டாள். “பாவம் இல்ல. அசிங்கம். உக்காரு” என்றார் ஜோசஃபின். தாரணியின் பேப்பரைத் திருத்தும்போது அவர் ஒரு மதிப்பெண்ணைக்கூடத் தப்பாகக் குறைக்கவில்லை. ஒரு நல்ல வார்த்தையும் எழுதவில்லை.

இருந்தும், பத்தாம் வகுப்பில் வரிசைக்குத் தலைவியாக அவளைத்தான் போட்டார். இதைப் புரிந்துகொள்ள முதல் வெள்ளி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை கத்தோலிக்கப் பிள்ளைகள் பக்கத்துக் கோவிலுக்குப் பூசைக்குப் போவார்கள். பூசையின் உச்சத்தில், குருவானவர் செபித்து அர்ச்சித்த அந்த வெள்ளை அப்பத்தை வாங்க வரிசையாகப் பீடத்துக்குப் போக வேண்டும். அதைத்தான் நன்மை வாங்குவது என்பார்கள். கத்தோலிக்கருக்கு அது அடையாளம் அல்ல, ஆண்டவரின் உடலேதான். ஞானஸ்நானம் பெறாதவர்கள் அதைத் தொடவும் கூடாது. ஆனால் பதினைந்து வயதுப் பெண்கள் வரிசையில் தோழிக்குப் பக்கத்தில் நிற்க இடம் மாறுவார்கள், தள்ளுவார்கள், குசுகுசுப்பார்கள். அதனால் ஜோசஃபின் ஒரு ஏற்பாடு செய்தார். நன்மை வாங்காத ஒருத்தி வரிசையின் முன்னால் நடக்க வேண்டும். பீடப்படி வந்ததும் இடது பக்கம் ஒதுங்கி, அங்கே நிற்கும் ஜோசஃபினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கடைசிப் பெண் வாங்கி முடித்ததும் மறுபடி முன்னால் நடந்து எல்லாரையும் பெஞ்சுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

“ஒரு இந்துப் பொண்ணையா மிஸ் முன்னால விடறீங்க?” என்று சிஸ்டர் கேட்டபோது, “பக்கத்துல யாரு வர்றான்னு திரும்பிப் பாக்காம நடக்கிறவ அவ ஒருத்திதான்” என்றார். தாரணியைப் பற்றி அவர் சொன்னதாக நமக்குக் கிடைக்கும் ஒரே பாராட்டு இதுதான். அதுவும் பாராட்டு என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அந்தக் கோவிலின் பங்குச் சாமியார் ஃபாதர் சின்னப்பாவுக்கு இந்த ஏற்பாடு தெரியும். அவர் மேல்படியில் நிற்பார். தாரணி கீழே ஒதுங்கிவிடுவாள். ஆறேழு மாதம் எந்தப் பிசகும் இல்லை.

1999 பிப்ரவரியின் முதல் வெள்ளியன்று ஃபாதர் சின்னப்பா ஆயர் இல்லத்துக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இளம் குருவானவர் பூசைக்கு வந்தார். அவருக்கு இந்தப் பிள்ளைகளைத் தெரியாது. மேல்படியில் நிற்காமல், பிள்ளைகளுக்குச் சிரமம் வேண்டாம் என்று தரைக்கே இறங்கி வந்தார். தாரணி ஒதுங்க வேண்டிய இடத்தில் அவர் நின்றார்.

அப்பத்தை உயர்த்தி, “தி பாடி ஆஃப் கிரைஸ்ட்” என்றார். பிறகுதான் அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். கை ஒரு கணம் பின்வாங்கியது. அந்தக் கணத்தில் தாரணி வாயைத் திறந்தாள்; திறந்த வாயில் அவர் அப்பத்தை வைத்துவிட்டார்.

“அவரா குடுக்கல. நான்தான் தொறந்தேன்” என்று பல வருடங்களுக்குப் பிறகு, பொம்மனஹள்ளியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தாரணி என்னிடம் சொன்னாள். “வேணும்னு ப்ளான் எல்லாம் இல்ல. பத்து வருஷம் அந்த வாசல்லயே நின்னிருக்கேன். எல்லாருக்கும் குடுக்கறாங்க. அன்னிக்கு என் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. திரும்பிப் போகப் போகுதுன்னு தெரிஞ்சதும் வாய் தானா தொறந்துடுச்சு. மிஸ் பக்கத்துலயே நின்னாங்க. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டோம்.”

ஜோசஃபின் அந்த நேரத்தில் எதுவும் செய்யவில்லை. வரிசை நகர்ந்தது. கோவில் வாசலில் மட்டும் அவளை நிறுத்தி, “முழுங்கிட்டியா?” என்று கேட்டார். தாரணி தலையாட்டினாள்.

அது பொய். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பயம் பிடித்து, பெஞ்சில் உட்கார்ந்ததுமே அதைக் கைக்குட்டையில் எடுத்துவிட்டிருந்தாள். எங்கே போடுவது என்று தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தாள்.

மங்களத்துக்கு இதில் குழப்பமே இல்லை. கோவிலில் கொடுத்தது என்றால் பிரசாதம். பிரசாதத்தைக் குப்பையில் போட முடியாது. பித்தளைத் தட்டில் வைத்து, ஓரத்தில் குங்குமம் இட்டு, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். மகளுக்குப் பரீட்சை வருடம். எந்தச் சாமி என்று பார்க்கிற சமயமா அது?

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் தாரணி தன் தோழியிடம், “எங்கம்மா அதுக்குச் சூடம்கூடக் காட்டிட்டாங்கடி” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தத் தோழி டென்சிலின் மகள்.

டென்சில் வங்கி அதிகாரி, கோவிலின் பங்குப் பேரவைத் தலைவர். தமிழ்க் கத்தோலிக்கரில் ஆங்கிலம் பேசி வளர்ந்த குடும்பம். அவரை வில்லனாக எழுதினால் என் வேலை சுலபம். ஆனால் மகள் சொன்னதைக் கேட்ட இரவில் அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாள்களும் பரிகாரமாக ஒருவேளை உணவோடு இருந்தார். தன் தாயின் உடல்மேல் யாரோ காலை வைத்துவிட்டால் ஒருவருக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவருக்கு இருந்தது. பக்தி உண்மையானதாக இருக்கும்போதுதான் கொடுமைக்கும் பலம் வருகிறது.

டென்சில் சொல்ல, அந்தத் திங்கட்கிழமை மாலையே ஃபாதர் சின்னப்பாவும் ஜோசஃபினும் அப்பத்தை மீட்டுவரத் தாரணியின் வீட்டுக்குப் போனார்கள். ஃபாதர் வீட்டுக்கு வந்ததில் மங்களத்துக்குப் பெருமை.

“வாங்க ஃபாதர், வாங்க மிஸ். உக்காருங்க. காபி போடறேன்.”

“காபி எல்லாம் வேணாம்மா” என்றார் ஃபாதர். “பாப்பா கோவில்லருந்து கொண்டுவந்தாளே, அது எங்க இருக்கு?”

“இங்கதான். பத்திரமா வச்சிருக்கேன்.” அலமாரிக் கதவைத் திறந்தாள். தட்டில் அப்பம், அதைச் சுற்றி நாலு மல்லிகைப் பூ, முன்னால் சின்ன அகல்விளக்கு. அப்பத்தின் விளிம்பு குங்குமத்தில் சிவந்திருந்தது.

ஜோசஃபின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இது பிரசாதம் இல்ல” என்றார்.

“பிரசாதம் இல்லன்னா என்ன மிஸ்?”

ஃபாதர்தான் சொன்னார். “அது ஆண்டவரோட திருவுடல்மா. எங்க நம்பிக்கைப்படி அவரே அதுல இருக்காரு.”

மங்களம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஐயையோ. அப்படின்னா தெரியாமப் போச்சே ஃபாதர். இன்னும் நல்ல எடத்துல இல்ல வச்சிருக்கணும்? வெளக்கு மட்டும் அணையவிடல. ராத்திரி எழுந்து எழுந்து எண்ணெய் ஊத்தினேன்.”

ஃபாதர் அப்பத்தை ஒரு வெள்ளைத் துணியில் எடுத்து வைத்துக்கொண்டார். வழியில் அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தாராம். ஜோசஃபின் கேட்காததுபோல வேகமாக நடந்தாராம். இதை ஃபாதரே பிறகு சொன்னார்.

அந்த வாரம் பள்ளியைச் சுற்றி இரண்டு கதைகள் உலாவின. ஒன்று, இந்துப் பெண் திட்டம் போட்டு நற்கருணை அப்பத்தைத் திருடிக் குங்குமம் பூசி அசிங்கப்படுத்தினாள் என்பது. மற்றது, கன்னியாஸ்திரீகள் இந்துப் பிள்ளைகளுக்கு அப்பம் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்பது. இரண்டு கதைகளுக்கும் அவரவர் கூட்டம் சேர்ந்தது. இரண்டிலும் இல்லாத ஒன்று, பதினைந்து வயதுப் பெண் ஒருத்திக்கு ஏதோ வேண்டியிருந்தது என்பது.

சனிக்கிழமை பள்ளி நூலகத்தில் விசாரணை. ஃபாதர், சிஸ்டர், டென்சில், ஜோசஃபின் ஒரு பக்கம். எதிரில் மங்களமும் தாரணியும். டென்சிலின் கோரிக்கை எளிமையானது. தாரணிக்கு டி.சி. கொடுத்து உடனே அனுப்ப வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒன்றரை மாதம்கூட இல்லை. ஹால் டிக்கெட் பள்ளி மூலமாகத்தான் வரும். இப்போது அனுப்பினால் அவளுக்கு ஒரு வருடம் போகும். ‘ஒரு வருஷம் வீணாச்சுன்னா அடுத்தது மாப்பிள்ளைதான், படிப்பு இல்ல’ என்று சிவசங்கரன் வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

“லுக் ஃபாதர்” என்றார் டென்சில், “இது ப்ராக்டிகல் ஜோக் இல்ல. பத்து வருஷம் நம்ம ஸ்கூல்ல உக்காந்து, எது என்னன்னு தெரிஞ்சே பண்ணியிருக்கா.”

“எங்களுக்குத் தெரியாதுங்க சார்” என்றாள் மங்களம்.

“உங்களுக்குத் தெரியாது, ஓகே. அவளுக்குத் தெரியும் இல்ல? கேளுங்க. ஏய், உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும் அங்கிள்” என்றாள் தாரணி.

“ஸீ? பாத்தீங்களா? என்ன தைரியம் மேன் இந்தப் பொண்ணுக்கு!”

ஃபாதர் கையை உயர்த்தினார். தப்பிக்க வழி தேடும் மனிதர் அவர். மென்மையானவர், அதனாலேயே பயந்தவர். “ஒரு விஷயம் தெளிவாகணும். தானா வாங்கினாளா, இல்ல யாராவது சொல்லி வாங்கினாளா? பெரியவங்க சொல்லியிருந்தா புள்ள மேல தப்பு இல்ல. தானா வாங்கியிருந்தா டென்சில் சொல்றதுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. அன்னிக்குப் பக்கத்துல நின்னவங்க ஜோசஃபின் மிஸ் ஒருத்தர்தான். மிஸ், நீங்க சொல்லுங்க. என்ன நடந்துச்சு?”

டென்சில் சாய்ந்து உட்கார்ந்தார். பதில் அவருக்குத் தெரியும். பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். ஜோசஃபின் பொய் சொல்ல மாட்டார். தாரணியை அவருக்கு ஆகாது.

ஜோசஃபின் எழுந்து நின்றார். “நான்தான் வாங்கச் சொன்னேன்.”

“வாட்?”

“நான்தான் சொன்னேன். ‘போடி, போய் வாங்கு’ன்னு. அவ மாட்டேன்னா. நான் தள்ளிவிட்டேன்.”

தாரணி, “மிஸ்...” என்றாள்.

“நீ பேசாத. உன்னை யாரும் கேக்கல.”

ஃபாதர் அவர் பக்கம் திரும்பினார். “ஜோசஃபின், யோசிச்சுப் பேசுங்க. ஞானஸ்நானம் இல்லாத புள்ளையைத் தெரிஞ்சே நன்மை வாங்க அனுப்பினீங்கன்னா அது எவ்வளவு பெரிய பாவம்னு நீங்களே சொல்லிக் குடுக்கறவங்க. இது உண்மையா?”

“கேட்டீங்க, சொல்லிட்டேன் சாமி.”

“ஏன் அப்படிப் பண்ணீங்க?”

டென்சில் மேசையைத் தட்டினார். “ஷேம் ஆன் யூ, மிஸ்! என் பொண்ணுக்குப் புதுநன்மைக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்! யூ ஆர் வர்ஸ் தேன் தெம்!” ஜோசஃபின் உட்கார்ந்து புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டார்.

இதை ஒரு தியாகமாக எழுதிவிட்டு நகர எனக்கு விருப்பம் இல்லை, ஏனென்றால் அந்தப் பொய்க்கு விலை கொடுத்தவர் அவர் மட்டும் அல்ல. ‘இந்துப் பெண்ணைத் தள்ளிவிட்டு அப்பம் கொடுத்தார் டீச்சர்’ என்பது திங்கட்கிழமைக்குள் வெளியே போய்விட்டது. மதமாற்றக் கதை சொன்னவர்களுக்குத் தேவைப்பட்ட சாட்சி, பள்ளிக்குள்ளிருந்தே கிடைத்துவிட்டது. கேட்டுக்கு முன்னால் கும்பல் கூடிக் கத்தியது. மாதா சிலை இருந்த கெபியின் கண்ணாடி உடைந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் பயந்து பள்ளிக்கு வருவதை நிறுத்தினார்கள். ஜோசஃபின் நினைத்ததைச் செய்தபோது இதையெல்லாம் நினைத்தாரா என்று தெரியாது. நினைத்தும் செய்திருந்தால் அது ஒரு வகைக் கடுமை. நினைக்காமல் செய்திருந்தால் இன்னொரு வகை. ஒரு பெண்ணின் வருடத்தைக் காப்பாற்ற ஒரு பள்ளியின் பெயரைக் கொடுத்தார். அது அவர் கொடுக்கக்கூடிய பொருள்தானா என்று கேட்க டென்சிலுக்கு உரிமை உண்டு.

அந்த வாரமே ஜோசஃபினை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிரிவுபசாரம் கிடையாது. தாரணிக்கு ஹால் டிக்கெட் வந்தது. முதல் வகுப்பில் தேறினாள்.

ரிசல்ட் வந்த மாலை மங்களம் மைசூர்பாகு செய்து கொடுத்தனுப்ப, தாரணி டப்பாவோடு ஜோசஃபின் வீட்டுக்குப் போனாள். அவர் கதவைப் பாதி திறந்து, நிலைப்படியிலேயே நின்றார்.

“என்ன?”

“ஃபர்ஸ்ட் கிளாஸ் மிஸ்.”

“சரி.”

“மிஸ், அன்னிக்கு நீங்க எனக்காக...”

“உனக்காகன்னு யார் சொன்னா?”

“அப்புறம் ஏன் மிஸ் அப்படிச் சொன்னீங்க? நீங்க பாத்தீங்க இல்ல?”

“பாத்தேன். அவர் கையை எடுத்தாரு, நீ வாயத் தொறந்த. முழுங்கிட்டேன்னு என்கிட்ட பொய் வேற சொன்ன. உன்னை எனக்கு அன்னிக்கும் பிடிக்காது, இன்னிக்கும் பிடிக்காது. அம்மா செஞ்சதா இது?”

“ஆமா மிஸ்.”

டப்பாவை வாங்கிக்கொண்டார். “டப்பா நாளைக்குக் குடுத்தனுப்பறேன். நீ வராத.” கதவு சாத்தப்பட்டது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதன் பிறகு தெருவில் எதிர்ப்பட்டாலும் ஜோசஃபின் தாரணியிடம் பேசியதில்லை. ‘ஒரே ஒரு தரம் சிரிச்சிருந்தாங்கன்னா நான் அழுதுட்டு மறந்திருப்பேன்’ என்று தாரணி சொன்னாள். சிரிக்கவில்லை.

வீட்டில் டியூஷன் எடுத்துப் பிழைத்தார். தமிழும் கணக்கும். முன்புபோலவே ஒவ்வொரு ஞாயிறும் அதே பங்குக் கோவிலுக்குப் போனார். அங்கே அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. டென்சில் வீட்டார் அவரைத் தாண்டிப் போகும்போது புடவையை இழுத்துக்கொண்டு போவார்கள். வாசலில் நின்று சமாதானம் சொல்லும் பழக்கமுள்ள பெண்கள் அவரிடம் கை குவிப்பதை நிறுத்தினார்கள். அவர் எல்லாருக்கும் முன்னால் வந்து, எல்லாரும் போன பிறகு போனார். செபங்களை உரக்கச் சொன்னார். பாட்டுகளைப் பாடினார்.

நன்மைக்கு வரிசை எழும்போது மட்டும் எழவில்லை.

முதலில் அது தண்டனை என்று நினைத்தார்கள். பிறகு, ஃபாதர் அப்படி எந்தத் தண்டனையும் விதிக்கவில்லை என்று தெரிந்தது. குருவிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும். எந்தப் பாவமும் மன்னிக்கப்படும். மறுநாளே நன்மை வாங்கலாம். ஃபாதர் சின்னப்பா அவரை மூன்று முறை கூப்பிட்டனுப்பினார், ஒருமுறை வீட்டுக்கே போனார். பாவசங்கீர்த்தனத்துக்குத் தேவை இரண்டுதான்: செய்ததற்கு மனத்துயரம், இனிச் செய்ய மாட்டேன் என்ற உறுதி. செய்ததற்கு வருந்தாதவர் வருந்துவதாகச் சொல்லி மன்னிப்பு வாங்க முடியாது. இது சட்டம். இதிலிருந்து நாம் ஏதாவது ஊகிக்கலாம். அந்தப் பொய்க்கு அவர் வருந்தவில்லை என்றோ, வருந்தினார் ஆனால் அதைச் சொன்னால் ஃபாதருக்கு உண்மை தெரிந்துவிடும் என்று பயந்தார் என்றோ, மங்களத்தின் விளக்கைப் பார்த்த பிறகு அந்த அப்பத்தை வாங்கத் தனக்கு என்ன தகுதி என்று கேட்டுக்கொண்டார் என்றோ. மூன்றும் பொருந்துகின்றன. எதற்கும் அவர் வாயிலிருந்து ஆதாரம் இல்லை.

வருடங்கள் போயின. அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. 2008-இல் ஒரு ஈஸ்டர் ஞாயிறு, ஃபாதர் சின்னப்பா மாற்றலாகிப் போவதற்கு முந்தைய கடைசிப் பெரிய பூசை. பீடத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர், நடக்க முடியாத வயதானவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுபோல, கிண்ணத்தோடு இறங்கி நடுப்பாதையில் நடந்து வந்தார். ஜோசஃபின் உட்கார்ந்திருந்த பெஞ்சின் முன்னால் நின்றார். கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஃபாதர் பாவசங்கீர்த்தனம் எதையும் கேட்கவில்லை; அப்பத்தை எடுத்து நீட்டினார்.

ஜோசஃபின் எழுந்து நின்றார். தலையைக் குனிந்தார். வாய் மூடியிருந்தது.

“வாங்கிக்கோங்க ஜோசஃபின்” என்றார் ஃபாதர், தாழ்ந்த குரலில்.

“பீடத்துக்குப் போங்க சாமி” என்றார் அவர். “வரிசை நிக்குது.”